பெய்ட் போட்டு கருங்கரடி வேட்டை: வெதர் எவ்வளவு பாதிக்கும்?

நீங்க கேட்டதை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். ஆகஸ்ட் கடைசில கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து வடக்குல முதல் தடவையா கருங்கரடி வேட்டைக்கு போறீங்க, கையில நாலு நாள் லீவு இருக்கு, ஃபோர்காஸ்ட்ல முதல் ரெண்டு நாள் 30 டிகிரி, மூணாவது நாள் மழை, நாலாவது நாள் குளிருன்னு காட்டுது. எந்த நாள் பரண்ல உக்காரலாம், மழையில போறது வேஸ்டா, ரெண்டு வாரமா பெய்ட் (கரடியை இழுக்க வைக்கற தீனி) போட்டும் கரடி சரியா வரலையே அதுக்கும் வெதர் தான் காரணமான்னு கேட்டிருக்கீங்க.

கடைசி கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல தான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. எல்லாரும் போன்ல இன்னைக்கு வெதர், நாளைக்கு வெதர்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. அது கரடி எத்தனை மணிக்கு வரும்ங்கறதை மாத்தும், அவ்வளவுதான். கரடி உங்க பேரலுக்கு (பெய்ட் போட்டு வைக்கற டிரம்) வருமா வராதாங்கறதை முடிவு பண்றது மே, ஜூன், ஜூலைல அடிச்ச வெதர். மே கடைசி, ஜூன் ஆரம்பத்துல ப்ளூபெர்ரி பூ பூக்கிற நேரத்துல ராத்திரி ஃப்ராஸ்ட் (உறைபனி) விழுந்தா பூ கருகிடும், ஜூலைல மழையே இல்லன்னா காய் சின்னதாவே காஞ்சு சுருங்கிடும், அந்த வருஷம் காட்டுல சாப்பாடு கம்மி, பேரல் வச்ச ரெண்டாவது நாளே கரடி வந்து காலி பண்ணிட்டு போகும். அதுவே ஃப்ராஸ்ட் இல்லாம, வாரம் ஒரு மழை பெஞ்சு, சட்பரி, சாப்லோ பக்கமெல்லாம் பாறை மேல ப்ளூபெர்ரி கொத்துக் கொத்தா பழுத்து நிக்கிற வருஷம்னா, நீங்க என்ன டோனட் கொட்டினாலும் திரும்பிப் பாக்காது, பக்கத்து தெருவுல கல்யாண பந்தி நடக்கும்போது யாரு ஓட்டல்ல போய் காசு குடுத்து சாப்பிடுவா. அதனால முதல்ல உங்க பெய்ட்டை சுத்தி ஒரு ரெண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்க. பழைய க்ளியர்கட் (மரத்தை மொத்தமா வெட்டின இடம்), சில வருஷம் முன்னாடி தீ பிடிச்ச இடம், பவர்லைன் ஓரம் இங்கெல்லாம் பெர்ரி எப்படி இருக்கு, ராஸ்பெர்ரி முடிஞ்சிடுச்சா, செர்ரி மரத்துல கிளை ஒடிஞ்சிருக்கா, கரடி சாணத்துல பெர்ரி விதையும் தோலுமா இருக்கா, இல்ல நீங்க பெய்ட்டா போட்ட ஓட்ஸ் இருக்கா, இதெல்லாம் எந்த வெதர் ஆப்பும் சொல்லாது. பெர்ரி ஏராளமா இருக்குன்னா பேரல் பக்கத்துல உக்காந்து ஏங்காம, அது சாப்பிடுற இடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கற பாதைக்கு பெய்ட்டை மாத்தறது புத்திசாலித்தனம். இல்லன்னா செப்டம்பர் நடுவுல பெர்ரி தீந்த பிறகு போங்க, லீவு மாத்த முடியும்னா நான் அதைத்தான் சொல்லுவேன்.

இது ஒன்டாரியோல மட்டும் இல்ல. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல பெய்ட் சீசன் ஆகஸ்ட் கடைசி திங்கக்கிழமை ஆரம்பிச்சு நாலு வாரம் ஓடும், அங்க பீச் (beech, பழம் தர்ற பீச் இல்ல) மரக் கொட்டை ஏறக்குறைய ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நல்லா காய்க்கும். காய்க்கிற வருஷம் கரடி பெய்ட்டுக்கு வர்றது கொறைஞ்சிடும், குகைக்குள்ள போறதும் லேட்டாகும், காய்க்காத வருஷம் பெய்ட்ல நல்லா வரும், சீக்கிரமே குகைக்கும் போயிடும். மின்னசோட்டால வனத்துறை வருஷா வருஷம் காட்டுப் பழம், ஹேசல்நட், ஓக் கொட்டை எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கறாங்க, சாப்பாடு மோசமான வருஷத்துல வேட்டையில விழற கரடி எண்ணிக்கை ஏறுது, அதுல பெண் கரடியோட பங்கும் ஏறுதுன்னு அவங்க பல வருஷ டேட்டா காட்டுது. இந்த இடத்துல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெண் கரடி சாதாரணமா பெரிய ஆண் கரடிக்கு பயந்து பெய்ட் பக்கம் கம்மியா தான் வரும், பசிக்கிற வருஷத்துல அதுவும் துணிஞ்சு வரும். இது மெதுவா பெருகற மிருகம், பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தான் குட்டி. அதனால பஞ்ச வருஷத்துல கரடி நிறைய வருதுன்னு சந்தோஷப்படற நேரத்துல தான் விரலை கொஞ்சம் கூடுதலா அடக்கணும், இது என் உறுதியான கருத்து.

இப்ப அன்னன்னைக்கு வெதருக்கு வருவோம்.

வெயில் முதல்ல. ஆகஸ்ட் கடைசில கரடிக்கு உள்ளுக்குள்ள கொழுப்பு ஏற ஆரம்பிச்சிருக்கும், வெளில கறுப்பு ரோமம், வியர்த்து சூட்டை இறக்கற வழி அதுக்கு இல்ல, மூச்சிரைக்கும், தண்ணில படுக்கும், நிழல்ல ஈர மண்ணுல வயித்தை வச்சு படுக்கும். அதே நேரத்துல குளிர்காலத்துக்கு சேர்த்து வைக்க ஒரு நாளைக்கு 15,000ல இருந்து 20,000 கலோரி வரைக்கும் தின்னு ஆகணும், அதனால வெயில்னு சாப்பாட்டை விடாது, நேரத்தை தான் மாத்திக்கும். 27, 28 டிகிரி தாண்டற நாள்ல பெய்ட் கேமரால (மிருகம் அசைஞ்சா தானா படம் எடுக்கறது) பாத்தீங்கன்னா பெரும்பாலும் இருட்டினதுக்கு அப்புறம் தான் படம் விழும், பெரிய ஆண் கரடின்னா கண்டிப்பா ராத்திரி தான். இதுக்கு ஒரே மருந்து இடம். சீடர் சதுப்பு, பீவர் குளம், அடர்த்தியான ஸ்ப்ரூஸ் மரக்காடு இந்த மாதிரி குளுமையா இருக்கற இடத்துல தான் அது பகல்ல படுத்திருக்கும், பெய்ட் அதுக்கு ஒட்டினாப்ல நிழல்லயே இருந்தா வெளிச்சம் போகறதுக்கு முன்னாடி எழுந்து ரெண்டு எட்டு வந்து பாக்கும், பெய்ட் திறந்த வெளில இருந்தா வெளிச்சத்துல வரவே வராது. கேமராவுல ஒவ்வொரு படத்துக்கும் கீழ டெம்பரேச்சர் வரும், அதை நேரத்தோட சேத்து ஒரு நோட்ல எழுதி வைங்க, உங்க இடத்துல எத்தனை டிகிரில அது ராத்திரிக்கு மாறுதுன்னு தானா தெரிஞ்சிடும், என் நம்பரை விட அது தான் உங்களுக்கு சரியான நம்பர்.

காத்து தான் எல்லாத்தையும் விட பெரிய விஷயம், இதுல கொஞ்சம் நிதானமா படிங்க. கரடிக்கு கண்ணு கிட்டத்தட்ட நம்மள மாதிரி தான், காது நல்லது, மூக்கு அசாத்தியம். பெய்ட்டுக்கு நேரா நடந்து வர்ற கரடி சின்னது, அனுபவம் இல்லாதது. வயசான கரடி காத்து போற பக்கமா வட்டம் போட்டு, பெய்ட் வாசனையையும் அங்க வேற யார் இருக்காங்கங்கறதையும் மோந்துட்டு தான் வரும். அந்தப் பக்கமே பாறை, ஏரி, கூழா இருக்கற சதுப்புன்னு அதால சுத்த முடியாத மாதிரி ஏதாவது இருந்தா உங்களுக்கு சாதகம், பரணையே அதுக்கு ஏத்த மாதிரி வைக்கணும். வடக்கு ஒன்டாரியோல பெரும்பாலான நாள் காத்து மேற்குல இருந்தோ வடமேற்குல இருந்தோ வரும், அதை நம்பி பெய்ட்டுக்கு கிழக்கு, தென்கிழக்குல பரண் கட்டுவாங்க. ஆனா மழை சிஸ்டம் ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி காத்து கிழக்குக்கோ தெற்குக்கோ திரும்பும், அன்னைக்கு உங்க வாசனை நேரா பெய்ட் மேல போகும். அப்படிப்பட்ட நாள்ல ஃபோர்காஸ்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் உக்காரக்கூடாது, ஒரு சாயங்காலம் போனா போகுது, வாசனை பிடிச்ச கரடி அந்த சீசன் முழுக்க பகல்ல வராம போயிடும். முடிஞ்சா எதிர்ப்பக்கம் இன்னொரு பரண் முன்னாடியே கட்டி வைங்க.

ஆப்புல காட்டற காத்து வேற, மரத்துக்கு நடுவுல இருக்கற காத்து வேற. சாயங்காலம் நிலம் குளிர ஆரம்பிச்சதும் காத்து கனமாகி சரிவுல கீழ இறங்கும், காலைல சூடு ஏறும்போது மேல ஏறும். பெய்ட் பள்ளத்துலயும் நீங்க மேட்டுலயும் இருந்தா, நாலு மணிக்கு சரியா இருந்த காத்து ஏழு மணிக்கு உங்க வாசனையை வழிச்சு பேரல் மேல ஊத்தும். ஏரிக்கரைல பெய்ட் வச்சிருந்தா இன்னும் சிக்கல், ஸ்கூல்ல கடல்காத்து நிலக்காத்துன்னு படிச்சது தான், பெரிய ஏரிலயும் அதே வேலை நடக்கும், பகல்ல ஏரில இருந்து கரைக்கு வர்றது பொழுது சாயும்போது அடங்கி, அப்புறம் கரைல இருந்து ஏரிக்கு திரும்பும், அந்த திரும்பற நேரமும் கரடி வர்ற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. நிறைய பேர் "கடைசி நேரத்துல கரடி ஓடிடுச்சு, சத்தமே போடலையே"ன்னு குழம்பறதுக்கு காரணம் இது தான். மில்க்வீட் பஞ்சு கொஞ்சம் பாக்கெட்ல வச்சுக்கோங்க, எருக்கு குடும்பத்து செடி தான் அது, பரண்ல இருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஒரு இழை பறக்க விட்டு கண்ணால பின்தொடருங்க, காத்து பாக்க ஊதற பவுடர் பாட்டில் பக்கத்துல மட்டும் தான் காட்டும், பஞ்சு 50 மீட்டர் தள்ளி என்ன ஆகுதுங்கறதையும் காட்டும்.

வேகமும் முக்கியம். மணிக்கு 10, 15 கிலோமீட்டர்ல சீரா அடிக்கற காத்து நல்லது, பெய்ட் வாசனையை தூரமா கொண்டு போகும், உங்க சின்னச் சின்ன சத்தத்தையும் மறைக்கும். 30, 35க்கு மேல சுழண்டு சுழண்டு அடிச்சா காடே அசையும், எங்க என்ன சத்தம்னு கரடிக்கு பிரிச்சு பாக்க முடியாது, எந்த திசைல இருந்து வாசனைன்னும் தெரியாது, அன்னைக்கு அது பதட்டமா இருக்கும், பாதில திரும்பிப் போயிடும். காத்தே இல்லாத புழுக்கமான சாயங்காலம் கூட எனக்கு பிடிக்காது, உங்க வாசனை பரணை சுத்தி குளம் மாதிரி தேங்கும், நீங்க துணி சரி பண்ற சத்தம் கூட கேக்கும்.

குளிர் அலை வந்து போற நேரம் தான் எல்லாரும் காத்திருக்கறது, உங்களோட நாலாவது நாள் அது. ஃப்ரன்ட் (குளிர்காத்தோட முன் விளிம்பு) தாண்டினதும் காத்து வடமேற்குக்கு திரும்பி, ஈரப்பதம் கொறைஞ்சு, ராத்திரி அஞ்சாறு டிகிரிக்கு இறங்கினா, கரடி மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கே நடமாட ஆரம்பிக்கும். அன்னைக்கு மத்த நாள் மாதிரி நாலு மணிக்கு போனா நீங்க நடந்து போகும்போதே அது பேரல்கிட்ட உக்காந்திருக்கும், அதனால ஒரு மணிக்கே ஏறிடுங்க. பாரோமீட்டர் பிரஷர் பத்தி நிறைய பேர் பெரிய தியரி சொல்றாங்க, என் பார்வையில பிரஷர்ங்கறது ஃப்ரன்ட் வந்து போனதோட அடையாளம், கரடியை எழுப்பறது குளிர்ச்சி. நிலா கணக்குக்கும் நான் மதிப்பு குடுக்கறதில்ல, பௌர்ணமின்னு நல்ல காத்து இருக்கற சாயங்காலத்தை விடாதீங்க.

மழையைப் பத்தி கேட்டீங்க, சாரல் மழைன்னா கண்டிப்பா போங்க. தரை நனைஞ்சு இலைச்சத்தம் இல்லாம நீங்க நடந்து போகலாம், ஈரக்காத்துல வாசனை நல்லா நிக்கும், வெயில் இல்லாததால கரடியும் சீக்கிரம் எழும். ஆனா ஒண்ணு, கரடியும் அதே மாதிரி சத்தமே இல்லாம வரும், 200 கிலோ மிருகம் நனைஞ்ச பாசி மேல நடந்தா ஒண்ணுமே கேக்காது, திரும்பிப் பாத்தா பேரல் பக்கத்துல நிக்கும், அதனால கண்ணை எடுக்காதீங்க. ரெயின்கோட் சரசரன்னு சத்தம் போடற பிளாஸ்டிக்கா இருந்தா உள்ள போட்டுட்டு மேல ஒரு ஃப்ளீஸ் (சத்தம் போடாத மெத்துன்னு இருக்கற சட்டை) போடுங்க. கொட்டுற மழைல உக்காந்து பிரயோஜனம் இல்ல, அது விடற நேரத்தை ரேடார்ல பாத்து, விடறதுக்கு அரை மணி முன்னாடி பரண்ல இருக்கற மாதிரி போங்க, மழை நின்ன முதல் ஒரு மணி நேரம் அருமையான நேரம். இடி கேட்டுச்சுன்னா யோசிக்கவே வேண்டாம், இரும்பு ஏணில மரத்து உச்சில உக்காந்திருக்கீங்க, துப்பாக்கியை காலி பண்ணி கயித்துல இறக்கிட்டு கீழ வந்துடுங்க.

பெருமழைல பெரிய பிரச்சினை சுட்டதுக்கு அப்புறம் தான் வரும். கரடிக்கு தோலுக்கு அடியில தடிமனா கொழுப்பு, மேல நீள ரோமம், குண்டு போன ஓட்டையை கொழுப்பு அடைச்சுடும், வெளில வர்ற கொஞ்ச ரத்தத்தையும் ரோமம் உறிஞ்சிடும், காஞ்ச தரைலயே தடம் பிடிக்கறது கஷ்டம். அம்புல அடிச்சு அது 100 மீட்டர் சதுப்புக்குள்ள ஓடி, பின்னாடியே மழை பெஞ்சா ஒரு சொட்டு கூட இருக்காது. அதனால மழை பெய்யும்போதோ ஒரு மணி நேரத்துல வரப்போகுதுன்னாலோ வில்லை தூக்காதீங்க, ரைஃபிள்னாலும் ரொம்ப கிட்ட, பக்கவாட்டா நின்னு, முன்னங்கால் ஒரு அடி முன்னாடி போன பிறகு மட்டும் சுடுங்க. ஒரு உயிரை காயப்படுத்தி தொலைக்கறதை விட வெறுங்கையோட வர்றது ஆயிரம் மடங்கு மேல்.

மழை பெய்ட்டையும் கெடுக்கும். பாப்கார்ன் ஒரு மழைல கூழாயிடும், ரொட்டி ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்கும், வெல்லப்பாகு கரைஞ்சு மண்ணுல போயிடும், பூஞ்சை பிடிச்ச பெய்ட்டை கரடி ஒதுக்கிட்டு போயிடும். 205 லிட்டர் பேரலை மரத்தோட சங்கிலி போட்டு கட்டி, மூடியை இறுக்கி, கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை பக்கவாட்டுல, அடியில தண்ணி வடியறதுக்கு சின்ன ஓட்டைங்க போட்டு வைங்க. ஓட்ஸ்ல ஹோட்டல் பொரிச்ச எண்ணெய் கலந்து போட்டா தண்ணி அவ்வளவா ஊறாது, தரைல கொட்டின எண்ணெய் மழைல போகாது, அதை மிதிச்ச கரடி போற வழியெல்லாம் வாசனையை பரப்பும், மத்த கரடி அந்த தடத்தை பிடிச்சு வரும். சாக்லேட் மட்டும் வேண்டவே வேண்டாம், நியூ ஹாம்ப்ஷயர்ல 2014-ல ஒரே பெய்ட்ல நாலு கரடி சாக்லேட் தின்னு செத்துப் போச்சு, அப்புறம் அங்க தடையே போட்டுட்டாங்க. வறட்சி காலத்துல வனத்துறை தீ தடை அறிவிச்சிருந்தா கரடியை இழுக்க தேன், சர்க்கரை கொதிக்க வச்சு வாசனைப் புகை போடற வேலையையும் விட்டுடுங்க, ஒரு பொறி போதும்.

மேகமூட்டம் நல்லது தான், கரடி முன்கூட்டியே வரும், ஆனா வெளிச்சமும் முன்கூட்டியே போகும். ஒன்டாரியோல சூரியன் மறைஞ்சு அரை மணி வரைக்கும் சட்டம் அனுமதிக்குது, மேகம் மூடின நாள்ல ஸ்ப்ரூஸ் நிழல்ல கறுப்பு கரடி மேல ஸ்கோப் குறியே தெரியாது, கடிகாரம் என்ன சொன்னாலும் குறி தெரியலைன்னா அன்னைக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னொண்ணு குட்டி. மங்கின வெளிச்சத்துல, பனிமூட்டத்துல, ஈரமா தலை சாய்ஞ்ச புல்லுல குட்டி கண்ணுக்கே படாது, சில நேரம் தாய் மட்டும் பெய்ட்டுக்கு வரும், குட்டி 40 மீட்டர் தள்ளி மரத்து மேல இருக்கும். வசந்த சீசன்ல குட்டியோட இருக்கற தாயை சுடறது சட்டப்படி குற்றம், மத்த சீசன்லயும் நான் சுட மாட்டேன். ஒத்தையா ஒரு கரடி வந்தா பத்து நிமிஷமாவது பாருங்க, அது அடிக்கடி ஒரே திசையை திரும்பிப் பாத்தா விட்டுடுங்க.

வசந்த சீசன் பத்தியும் ரெண்டு வார்த்தை, அடுத்த வருஷம் யோசிப்பீங்க. ஒன்டாரியோல அதை 1999-ல நிறுத்தி, 2014-ல பரீட்சார்த்தமா திரும்ப கொண்டு வந்து, 2021-ல நிரந்தரமாக்கினாங்க. அப்ப கணக்கு வேற. பனி லேட்டா உருகின வருஷம் புல்லும் துளிரும் லேட்டாகும், பெய்ட்டுக்கு நல்லா வரும். சீக்கிரமே பச்சை வந்துட்டா ஆஸ்பென் துளிர், டான்டலியன்னு ரோட்டோரமே மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும். தூக்கத்துல இருந்து எழுந்த முதல் ரெண்டு வாரம் அதுக்கு பசியே அவ்வளவா இருக்காது, அப்ப பெய்ட் தொடலைன்னு கவலைப்பட வேண்டாம். ஜூன்ல இணை சேர்ற காலம் வந்துட்டா ஆண் கரடி வெயிலும் பாக்காது மழையும் பாக்காது. அப்ப உங்களுக்கு எதிரி கொசுவும் கறுப்பு ஈயும் தான், காத்தில்லாத ஈரமான சாயங்காலம் அசையாம உக்காரவே முடியாது, தெர்மாசெல்லும் (கொசு விரட்டற சின்ன கருவி) தலைக்கு போடற கொசு வலையும் இல்லாம போகாதீங்க.

உங்க நாலு நாளுக்கு நான் செய்யறது இது தான். முதல் நாள் மத்தியானம் பெய்ட்டை புதுப்பிச்சு, கேமரா பாத்து, பெர்ரி இடங்களை சுத்திட்டு, காத்து சரியா இருந்தா கடைசி ரெண்டு மணி நேரம் மட்டும் உக்காருவேன். ரெண்டாவது நாள் மழைக்கு முன்னாடி காத்து கிழக்கு, தெற்குன்னு திரும்பியிருக்கும், பரண் ஒண்ணு தான்னா உக்காரவே மாட்டேன். மூணாவது நாள் மழை விடற நேரம் பாத்து போவேன், நாலாவது நாள் முழு சாயங்காலமும் பரண் மேல தான்.

30 டிகிரி நாள்ல சுட்டுட்டீங்கன்னா அடுத்த வேலை ஓட்டம் தான். அந்த ரோமமும் கொழுப்பும் உள்ள சூட்டை வெளிய விடாது, ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல பாத்துக்கலாம்னா கறி கெட்டிருக்கும், தோல்ல முடியும் உதிரும். காட்டுலயே உடனே வயிறு சுத்தம் பண்ணி, தோல் உரிச்சு, துண்டு போட்டு, ஐஸ் பெட்டி வண்டில தயாரா இருக்கணும். கரடி கறியில ட்ரைக்கினெல்லா புழு இருக்கலாம், வடக்கு பக்கத்து கரடில இருக்கற வகை ஃப்ரீசர்ல சாகாது. 2022-ல அமெரிக்காவுல ஒரு குடும்பம், சஸ்காட்செவன் வடக்குல அடிச்ச கரடி கறியை 45 நாள் ஃப்ரீசர்ல வச்சிருந்து கெபாப் போட்டாங்க, கறி நிறமே கறுப்பா இருக்கவும் வெந்துச்சா வேகலையான்னு தெரியல, 6 பேருக்கு நோய் வந்துச்சு, அதுல ரெண்டு பேர் கறியே தொடலை, கூட வெந்த காய்கறி மட்டும் தான் சாப்பிட்டாங்க. அதனால நிறத்தை நம்பாதீங்க, தெர்மாமீட்டரை கறி நடுவுல குத்தி 74 டிகிரிக்கு மேல காட்டின பிறகு மட்டும் அடுப்புல இருந்து இறக்குங்க.